பயந்தவர் காதில் விழ வேண்டிய சொற்கள்

விமானம் தரையை விட்டு எழும்பிச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். திடீரென்று என்ஜின் இரைச்சல் தணியும். அடிவயிறு காலியாவது போல இருக்கும். பறந்து பழகாதவர் கைப்பிடியை இறுகப் பற்றுவது அப்போதுதான். உண்மையில் விமானம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஓடுபாதையில் கொடுத்த விசையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் உள்காதுக்கு வேகம் தெரியாது. வேகம் மாறுவது மட்டுமே தெரியும். அதனால் அது 'விழுகிறோம்' என்று மூளைக்குத் தப்பான சேதி அனுப்பிவிடுகிறது.

இப்படி யாரெல்லாம் மிரளுவார்கள் என்பதை விமானப் பணியாளர் வாசலிலேயே ஓரளவு கணித்துவிடுவார். அவர் சொல்லும் வணக்கம் வெறும் உபசாரமல்ல. யார் முகம் வெளிறியிருக்கிறது, யார் குடித்திருக்கிறார், அவசரத்தில் யார் கைகொடுப்பார் என்று அந்த ஓரிரு நொடியில் பார்த்துக்கொள்கிறார். அப்புறம் பயந்தவரின் இருக்கைக்குப் போய், அவர் கண்மட்டத்துக்குக் குனிந்து பேசுவார்: "ஏறினதும் கீழே டம்முனு ஒரு சத்தம் கேட்கும், சக்கரம் உள்ளே போறதுதான். அப்புறம் என்ஜின் சத்தம் குறையும், அதுவும் வழக்கம்தான்." வெறுமனே 'பயப்படாதீங்க' என்பதைவிட இது எவ்வளவோ மேல். காரணம் தெரிந்த சத்தம் அந்த அளவுக்கு மிரட்டாது.

பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். 'எனக்கு ஏதோ ஆகிறது' என்று பயம் இரட்டிப்பாகும். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொல்லி, கூடவே தானும் விட்டுக் காட்டுவது இதற்குத்தான். ஆக்ஸிஜன் முகமூடி பற்றிய அறிவிப்பில் 'பை உப்பாவிட்டாலும் ஆக்ஸிஜன் வரும்' என்று ஒரு வரி வருமே, அதிலும் இதே அக்கறை இருக்கிறது. பை சப்பையாக இருப்பதைப் பார்த்து யாரும் முகமூடியைக் கழற்றிவிடக் கூடாது.

உண்மையான ஆபத்தில் இதே குரல் அடியோடு மாறும். "பெல்ட்டைக் கழற்று! பையை விடு! இந்தப் பக்கம் வா!" என்று அதட்டும். கிலி பிடித்த மனதில் நீண்ட வாக்கியம் ஏறாது. சிலர் அசையாமல் உறைந்தே போவார்கள். பாதி வாசல்கள் அடைத்திருந்தாலும் 90 நொடிக்குள் எல்லோரும் வெளியேற முடிய வேண்டும் என்பது பெரிய பயணி விமானங்களுக்கான சோதனை விதி. அங்கே மரியாதைக்கு நேரமில்லை.

பேச்சு மறுபக்கமும் ஓட வேண்டும். 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே ஒரு போயிங் 737 விழுந்தது. பழுதானது இடது என்ஜின். விமானிகள் தவறுதலாக நிறுத்தியது வலதை. வலது என்ஜினில் கோளாறு என்று கேப்டன் அறிவித்தபோது, இடப்பக்கம் நெருப்பைக் கண்ட பயணிகள் குழம்பினார்கள். ஆனால் அவர்கள் கண்டது விமானி அறைக்குப் போகவே இல்லை. 47 பேர் இறந்தார்கள். விமானிகளும் பணியாளர்களும் சேர்ந்து பயிற்சி பெற வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட இந்த விபத்தும் ஒரு காரணம். நடுங்கிக்கொண்டே ஒரு பயணி "இறக்கைப் பக்கம் ஏதோ தெரியுது" என்றால், நல்ல பணியாளர் முதலில் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் உடனே விமானியைக் கூப்பிடுவார். ஆறுதல் சொல்வதெல்லாம் அதற்கப்புறம்தான்.