தொடர்கதைக்கு ‘முற்றும்’ உண்டு, இதழுக்கு இல்லை

நூலகவியல் படிக்கும் வாசகி ஒருவரின் கேள்வி: “ஒரு புத்தகத்தில் ஐஎஸ்பிஎன் எண்ணும் இருக்கிறது, ஐஎஸ்எஸ்என் எண்ணும் இருக்கிறது. இதைத் தனிநூல் என்று பட்டியலிடுவதா, தொடர் வெளியீடு என்று பட்டியலிடுவதா?”

எண்ணைப் பார்த்து முடிவெடுக்க முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐஎஸ்பிஎன் புத்தகத்துக்கானது. 2007 முதல் அதற்கு 13 இலக்கம். ஐஎஸ்எஸ்என் தொடர் வெளியீடுகளுக்கான 8 இலக்க எண். இரண்டுமே அடையாள எண்கள்தான். “ஐஎஸ்எஸ்என் இருக்கிறதே, அப்படியானால் தரமான ஆய்விதழ்தான்” என்று நம்பிக் கட்டுரை அனுப்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வண்டியில் நம்பர் பிளேட் இருக்கிறது, ஆகவே ஓட்டுநருக்கு நன்றாக ஓட்டத் தெரியும் என்பது போன்ற மூடநம்பிக்கை இது.

சரி, வேறு எதைப் பார்ப்பது? பக்கங்களா, அட்டையா, எத்தனை வருடமாக வருகிறது என்பதா? எதுவும் இல்லை. பட்டியலாளர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இதற்கு ‘முற்றும்’ போடும் எண்ணம் வெளியிடுகிறவருக்கு இருக்கிறதா?

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் ‘தொடரும்’ என்று முடிகிறது, பெயரே ‘தொடர்’. அதையே தனித்தனிச் சிறு புத்தகங்களாக மாதாமாதம் வெளியிட்டால், நூலகக் கணக்கில் அது தொடர் வெளியீடு ஆகாது. என்றோ ஒரு நாள் கதை முடியும் என்பது தொடங்கும்போதே தெரியும். ஆகவே அது பல பாகங்களில் வரும் தனிநூல். அந்தக் கதையைச் சுமந்துவந்த பத்திரிகையோ முடிவைத் திட்டமிடாமல் தொடங்கியது. இதழுக்கு இதழ் எண்ணும் தேதியும் மாறிக்கொண்டே போகும். அதுதான் தொடர் வெளியீடு.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைப் பாருங்கள். பத்தே ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்று 1879-ல் ஒப்பந்தம் போட்டார்கள். முதல் பகுதி 1884-ல் வந்தபோது, ஆங்கிலத்தில் எறும்பைக் குறிக்கும் ‘ஆன்ட்’ வரைதான் வந்து சேர்ந்திருந்தார்கள். கடைசிப் பகுதி வந்தது 1928-ல். பகுதி பகுதியாக 44 ஆண்டுகள் வந்தும் அது தனிநூல்தான், ஏனென்றால் அகரவரிசை எங்கோ முடிந்தாக வேண்டும். மறுபக்கம், ‘மலர் 1, இதழ் 1’ என்று ஆர்ப்பாட்டமாக வந்து அத்தோடு நின்றுபோன சிற்றிதழும் உண்டு. அது ஒரே இதழோடு போனாலும் தொடர் வெளியீடுதான்! கையில் உள்ள பொருளை வைத்து அல்ல, அதை வெளியிட்டவரின் நினைப்பை வைத்துத்தான் வகை அமைகிறது.

இத்தனை யோசனையும் கடைசியில் ஓர் எழுத்தில் வந்து நிற்கும். நூலகப் பட்டியல் பதிவுகளைக் கணினி படிப்பதற்காக ஹென்றியட் ஆவ்ரம் 1960-களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உருவாக்கிய ‘மார்க்’ வடிவத்தில், ஒவ்வொரு பதிவின் தலையிலும் 24 எழுத்துகள் கொண்ட பட்டை உண்டு. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் ஏழாவது இடத்தில் ‘எம்’ என்றால் தனிநூல், ‘எஸ்’ என்றால் தொடர் வெளியீடு. பக்கங்களை மாற்றி மாற்றிச் செருகும் சட்டக் கையேடு, அடிக்கடி புதுப்பிக்கப்படும் இணையத்தளம் போன்றவற்றுக்கு ‘ஐ’.

‘எஸ்’ போட்டால் நூறு இதழுக்கும் ஒரே பதிவு போதும். ஆனால் இதழின் பெயர் பெரிதாக மாறினால் பழைய பதிவை மூடிப் புதிதாக ஒன்று திறந்து, இரண்டையும் ‘முந்தைய பெயர்’, ‘பிந்தைய பெயர்’ என்று கோத்துவிட வேண்டும். 1665-ல் தொடங்கிய ராயல் சொசைட்டியின் ‘ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ 1887-ல் ஏ, பி என இரண்டாகப் பிரிந்தது. ஒரு பதிவுக்கு இரண்டு வாரிசுகள்.

கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகள்தான் தலைவலி. ஒரே பெயரில் ‘பத்தாவது, பதினோராவது’ என்று வந்தால் ‘எஸ்’ போட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆண்டுதோறும் வேறு தலைப்பு, வேறு பதிப்பாசிரியர் என்றால் நான் ‘எம்’ பக்கம்தான். ஒரே பதிவுக்குள் தள்ளினால் நூலகருக்கு வேலை மிச்சம், அந்தத் தலைப்பைத் தேடி வரும் ஆய்வாளருக்குத்தான் ஒன்றும் கிடைக்காது. தரவுத்தளச் சந்தாவுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்கும் ஆய்வு நிறுவனங்கள், பட்டியலாளர் பணியிடம் என்றதும் கையை விரிக்கின்றன. வாங்கி வைத்ததைத் தேடி எடுக்க முடியாவிட்டால் வாங்கியும் என்ன பயன்?

இனி வாசகியின் புத்தகம். அது பெரும்பாலும் ஒரு நூல்வரிசையில் வந்த புத்தகமாக இருக்கும். 1973-ல் தொடங்கிய ‘லெக்சர் நோட்ஸ் இன் கம்ப்யூட்டர் சயின்ஸ்’ அப்படிப்பட்டது. அச்சில் வரும் வரிசை முழுவதற்கும் 0302-9743 என்ற ஒரே ஐஎஸ்எஸ்என். புத்தகத்துக்குப் புத்தகம் தனி ஐஎஸ்பிஎன். வரிசைக்கு ‘முற்றும்’ இல்லை, ஒவ்வொரு புத்தகத்துக்கும் உண்டு. ஆகவே புத்தகத்தை ‘எம்’ என்று தனியாகப் பதிந்து, அதில் வரிசையின் பெயரையும் தொகுதி எண்ணையும் சேர்த்துவிடுங்கள். வரிசைக்கு ஒரு ‘எஸ்’ பதிவு இருந்தால் அதன் முடிவு ஆண்டுக் கட்டத்தைத் திறந்து பாருங்கள். வந்துகொண்டிருக்கும் வெளியீட்டுக்கு அங்கே போடும் ஆண்டு 9999.