மாநகராட்சிக் கூட்டப்பொருளை எப்படிப் படிப்பது?

மாமன்றக் கூட்டம் என்றால் செய்தியில் நாம் பார்ப்பது வெளிநடப்பும் கூச்சலும்தான். காலிக்குடத்தோடு வந்த உறுப்பினரின் படம் வரும். அதே நாளில் அந்த மன்றம் நிறைவேற்றிய தீர்மானங்கள் பற்றி ஒரு வரிகூட வராது. சென்னை போன்ற பெரிய மாநகராட்சியில் ஒரே கூட்டத்தில் எண்பது, நூறு தீர்மானங்கள் நிறைவேறுவது சாதாரணம். அதில் ஒன்று உங்கள் தெரு மழைநீர் வடிகாலாக இருக்கலாம், பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் கழிப்பறையாக இருக்கலாம்.

அவை எல்லாமே கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் இருக்கின்றன. ‘கூட்டப்பொருள்’ என்று ஒரு கட்டுத் தாள் உறுப்பினர்களின் கைக்குப் போகிறது. அன்றைக்குப் பேசப்படும் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு எண் உண்டு. கூட்டத்தில் நடப்பதைவிட இந்தத் தாளில் இருப்பதுதான் முக்கியம் என்பது என் அனுபவம். அதனால் இந்த விளக்கத்தில் அதற்கே அதிக இடம்.

முதலில் யார் யார் உட்காருகிறார்கள் என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வார்டுக்கு ஒருவர் என மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள். சென்னையில் 200 வார்டுகள், 200 பேர். அவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் மேயர்தான் கூட்டத்தை நடத்துவார். ஆணையர் அரசு அதிகாரி. கூட்டத்தில் இருப்பார், பதில் சொல்வார், ஆனால் அவருக்கு ஓட்டு கிடையாது. இதற்கெல்லாம் அடிப்படை 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியலமைப்புத் திருத்தம். தமிழ்நாட்டில் இப்போது செல்லுபடியாவது 1998-ம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். பெயரில் 1998 என்று இருந்தாலும், விதிகளோடு முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில்தான். நகராட்சியில் இதே வேலையை நகர்மன்றம் செய்கிறது. அங்கே மேயருக்குப் பதில் தலைவர்.

கூட்டம் பெரும்பாலும் தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள் என்று தொடங்கும். யாராவது மறைந்திருந்தால் இரங்கல் தீர்மானம். பெரிய மாநகராட்சிகளில் கேள்வி நேரம், நேரமில்லா நேரம் என்று உண்டு. வார்டில் குடிநீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, நாய்த் தொல்லை என்று உறுப்பினர்கள் பேசுவது இங்கேதான். அப்புறம் பொருள்கள் எடுத்துக்கொள்ளப்படும்.

ஒரு பொருள் எப்படி இருக்கும் என்று காட்ட, நானே ஒரு மாதிரி எழுதியிருக்கிறேன். வார்டும் தெருவும் தொகையும் கற்பனை, நடை மட்டும் அசல்:

“பொருள் எண் 37. இம்மாநகராட்சி 12-வது வார்டு பிள்ளையார் கோயில் தெருவில் மழைநீர் வடிகால் கட்டும் பணிக்கு ரூ.14.80 லட்சத்துக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது. மேற்படி பணியைப் பொது நிதியிலிருந்து மேற்கொள்ள நிர்வாக அனுமதி வேண்டி மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது. அலுவலகக் குறிப்பு: அனுமதிக்கலாம்.”

இதில் மூன்று இடங்களில் விரல் வையுங்கள். முதலாவது, பணியின் எல்லை. தெருப் பெயர் மட்டும் இருக்கிறதா, எங்கிருந்து எங்கே வரை, எத்தனை மீட்டர் என்றும் இருக்கிறதா? எல்லை எழுதாத பொருளில், தெருவின் பாதியோடு வேலை நின்றுபோனால் யாரைக் கேட்பது? இரண்டாவது, எந்த நிதி. ‘பொது நிதி’ என்றால் மாநகராட்சியின் சொந்தக் கணக்கில் இருக்கும் பணம். அதற்குப் பதில் ஒரு மாநில அரசுத் திட்டத்தின் பெயர் இருந்தால், அந்தப் பணம் வந்து சேரும்வரை வேலை தொடங்காமல் இருக்கலாம். மூன்றாவது, எதற்காக அனுமதி கேட்கிறார்கள். இதைத்தான் நம்மில் பலர் கவனிக்காமல் விடுகிறோம்.

ஏனென்றால் ஒரே வடிகால் மன்றத்துக்கு ஒரு தடவை மட்டும் வருவதில்லை. முதலில் மதிப்பீட்டுக்கு நிர்வாக அனுமதி, அதாவது இந்த வேலையை இந்தச் செலவில் செய்யலாம் என்ற ஒப்புதல். பிறகு டெண்டர் விட்டு, வந்த ஒப்பந்தப்புள்ளிகளில் குறைவானதை ஏற்றுக்கொள்ள மறுபடி ஒரு பொருள். செலவு கூடிவிட்டால் திருத்திய மதிப்பீடு என்று இன்னொரு பொருள். மூன்றுக்கும் தீர்மானம்தான், மூன்றையும் ‘பாஸ் ஆகிவிட்டது’ என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் தெருவில் நடந்ததே இதற்கு உதாரணம். வடிகால் மன்றத்தில் பாஸ் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டு, இரண்டு ஐப்பசி மழைக்கு முழங்கால் தண்ணீரில் நடந்தோம். மூன்றாம் வருடம் தீர்மான நகலை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாஸ் ஆனது மதிப்பீடு மட்டும். டெண்டருக்கு யாரும் விண்ணப்பிக்கவில்லை, மறு டெண்டர் விடவும் இல்லை. யாரும் எங்களிடம் பொய் சொல்லவில்லை. எது பாஸ் ஆனது என்று நாங்கள்தான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா அந்த நகலை வாசலிலேயே நின்று படித்துவிட்டு, “இவ்வளவுதானா? இதைக் கேட்டு வாங்க நமக்கு மூணு வருஷமா?” என்றார். உறுப்பினரிடம் அடுத்த வாரமே போனோம்.

இன்னொரு சொல் ‘பின்னேற்பு’. வேலையை முடித்துவிட்டு, அல்லது தொடங்கிவிட்டு, மன்றத்தின் ஒப்புதலைப் பிறகு வாங்குவது. ‘அவசர அவசியம் கருதி மேயரின் முன் அனுமதி பெற்று’ என்று தொடங்கும் பொருள்கள் இந்த வகை. குழாய் உடைந்து ஊருக்கே தண்ணீர் இல்லை என்றால் மாதக் கூட்டம்வரை காத்திருக்க முடியாது. பின்னேற்பு அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் விழா மேடைக்கும் நாற்காலி வாங்கியதற்கும் பின்னேற்பு கேட்டால், அதில் என்ன அவசரம் என்று உறுப்பினர் எழுந்து கேட்க வேண்டும். அதேபோல, கூட்டம் தொடங்கிய பிறகு கையில் கொடுக்கப்படும் கூடுதல் பொருள்கள். படிக்கவே நேரம் கொடுக்காத ஒன்றுக்கு எப்படிச் சம்மதிப்பது?

பெரும்பாலான பொருள்கள் விவாதமே இல்லாமல் மொத்தமாக ஏற்கப்படுகின்றன. உடன்படாத உறுப்பினர் சத்தம் போட்டால் மட்டும் போதாது, இந்த எண்ணுள்ள பொருளுக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள் என்று கேட்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறாத எதிர்ப்புக்குப் பின்னாளில் சாட்சி இல்லை. வெளிநடப்பு செய்கிறவர் வெளியே பேட்டி கொடுக்கிறார். உள்ளே அவர் வார்டுப் பொருளும் சேர்த்தே பாஸ் ஆகிறது.

மன்றம் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்வை அறிவித்தது மாநில அரசு. சென்னை தவிர்த்த மற்ற மாநகராட்சிகளில் வீட்டின் பரப்புக்கு ஏற்ப 25 முதல் 100 சதவீதம் வரை, சென்னையின் பழைய பகுதிகளில் 150 சதவீதம் வரை. அதற்குப் பிறகுதான் மன்றங்கள் தீர்மானம் போட்டன. ஆனாலும் மன்றமே இல்லாமல் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்ததிலிருந்து 2022 மார்ச்சில் புதிய உறுப்பினர்கள் பதவியேற்கும்வரை, தமிழ்நாட்டு நகரங்களை அரசு நியமித்த தனி அலுவலர்களே நடத்தினார்கள். அந்த ஐந்தரை வருடம் நம் தெருப் பிரச்சினையைக் கேட்க வார்டில் ஒருவரும் இல்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்?

கூட்டத்துக்கு முந்தின நாட்களில் வார்டு உறுப்பினரைப் பாருங்கள். “கூட்டப்பொருள் வந்துவிட்டதா, நம் வார்டுக்கு எந்த எண்?” என்று கேளுங்கள். கூட்டம் முடிந்தபின் போய்க் கேட்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. டெண்டர் நிலையில் இருக்கும் பணி என்றால் அரசின் டிஎன் டெண்டர்ஸ் இணையதளத்திலும் தேடிப் பார்க்கலாம்.

மாமன்றத்தில் பொதுமக்கள் பேச முடியாது. பேசுவதற்கென்று இருப்பது பகுதி சபை, பலரும் ஏரியா சபை என்கிறார்கள். கிராமத்துக்குக் கிராம சபை போல, நகரத்துக்கு இது. 2022-ல் விதிகள் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் முதல் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சி பம்மலில் நடந்த சபையில் முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலினே கலந்துகொண்டார். சென்னையில் ஒரு வார்டுக்குப் பத்துப் பகுதி சபைகள். அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் அதன் உறுப்பினர்கள், அழைப்பிதழ் தேவையில்லை. ஆண்டில் நான்கு நாட்கள்: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. உங்கள் பகுதியில் எந்த இடத்தில் என்று வார்டு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சொல்வதை எழுதியும் கொடுங்கள்.

தீர்மான நகல் கிடைக்கவில்லை என்றால் 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்பதை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்று பிரிவு 4(1)(ஆ) சொல்கிறது. மனுவில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘எங்கள் தெரு விவரம் தருக’ என்று பொதுவாக எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்:

“இன்ன மாதம் இன்ன தேதியில் நடந்த சாதாரணக் கூட்டத்தின் கூட்டப்பொருள், தீர்மானப் புத்தகத்தில் அதற்கான பக்கங்கள், இன்ன வார்டு இன்ன தெரு வடிகால் பணிக்கான மதிப்பீடு, பணி ஆணை ஆகியவற்றின் சான்றிட்ட நகல் தேவை. அசல் கோப்பை நேரில் பார்வையிடவும் தேதி குறித்துத் தருக.”