சால்மன் குஞ்சுக்காக மதகைத் திறக்கச் சொன்ன நீதிமன்றம்

அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் பிறக்கும் சால்மன், கடலைப் பார்க்க எட்டு அணைகளைத் தாண்ட வேண்டும். ஸ்னேக் ஆற்றில் நான்கு, அது போய்ச் சேரும் கொலம்பியாவில் நான்கு. முட்டையிடத் திரும்பும் பெரிய மீன்களுக்கு அணையோரமாகப் படிப்படியாய் மீன் ஏணி கட்டியிருக்கிறார்கள். அவை எப்படியோ ஏறிவிடும். கீழே இறங்கும் குஞ்சுகளின் பாடுதான் திண்டாட்டம்.

வசந்தத்தில் குஞ்சின் உடல் வெள்ளியாக மின்னத் தொடங்கும். செவுள்கள் உப்பை வெளியேற்றத் தயாராகும். இந்த மாற்றம் நடக்கும் சில வாரங்களுக்குள் கடலை எட்டியாக வேண்டும். பெரும்பாலும் வால் முன்னே போக, நீரின் இழுப்பில் மிதந்து இறங்கும் ஜீவன் அது. நீர்த்தேக்கத்தில் அந்த இழுப்பே இல்லை. பயணம் நீள்கிறது, தண்ணீர் சூடாகிறது, தின்னக் காத்திருக்கும் மீன்களுக்குக் கொண்டாட்டம். அப்புறம் டர்பைன். அதைக் கடக்கும் கணத்தில் நீரழுத்தம் சட்டென்று விழுவதால் குஞ்சின் காற்றுப்பை உப்பி வெடித்துவிடலாம்.

மதகைத் திறந்துவிட்டால் குஞ்சுகள் பலவும் டர்பைன் பக்கம் போகாமல் நீரோடு விழுந்து தப்பிக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் மின்சாரம் தராது. சண்டையே இதில்தான். இஷ்டத்துக்குத் திறக்கவும் முடியாது. உயரத்திலிருந்து விழும் நீர் காற்றை ஆழத்துக்கு இழுத்துப் போகும்; கரைந்த வாயு மிகுந்தால், சோடா பாட்டிலைத் திறந்தாற்போல மீனின் உடலுக்குள் குமிழிகள் கிளம்பும். நீரில் இயல்பாகக் கரைந்து நிற்கும் வாயுவின் அளவை 100 என்று வைத்தால், 110 சதவீதம் என்பது வழக்கமான வரம்பு; அதை மீனுக்காக வசந்தத்தில் 125 வரை தளர்த்தியிருக்கிறார்கள்.

ஸ்னேக் ஆற்றின் சாக்ஐ என்ற சால்மன் வகை 1991இல் அழியும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. மறு ஆண்டு முட்டையிட ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்குத் திரும்பியது ஒரே ஒரு மீன். பட்டியலில் ஏறிய இனத்தின் இருப்பை அரசின் எந்தச் செயலும் ஆபத்தில் தள்ளக்கூடாது என்கிறது 1973ஆம் ஆண்டுச் சட்டம். எனவே அணைகளை எப்படி இயக்கப் போகிறோம் என்று அரசு திட்டம் போட, மீன்வளத் துறை அதற்கு அறிவியல் கருத்துரை தர வேண்டும். அதை எதிர்த்து வந்த வழக்குகளில் 1994 முதல் 2016 வரை ஐந்து முறை நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

2004ஆம் ஆண்டுக் கருத்துரைதான் அதில் வேடிக்கை. அணைகள் ஏற்கெனவே நிற்பவை, ஆகவே அவையும் ஆற்றின் இயல்புச் சூழலில் சேர்த்தி. இயக்கும் விதத்தால் கூடும் கெடுதலை மட்டும் கணக்கிட்டால் போதும் என்றது அரசு. மீனுக்கு அணை வேறு, அணையை இயக்குவது வேறா என்ன? நீதிபதி ஜேம்ஸ் ரெடன் 2005இல் அதைத் தள்ளுபடி செய்து, கோடையிலும் மதகைத் திறக்க உத்தரவிட்டார். அணையை இடிப்பதற்கு நாடாளுமன்றம் மனம் வைக்க வேண்டும் என்பதால், நீதிமன்றத்தின் கைக்கு எட்டியது மதகுதான்.

1855 உடன்படிக்கைகளில் மீன்பிடி உரிமை பெற்ற பழங்குடிகளோடும் மற்றவர்களோடும் 2023இல் அரசு சமரசத்துக்கு வர, வழக்கு நின்றது. 2025 ஜூனில் டிரம்ப் அரசு அதிலிருந்து விலகியது. அதே ஆண்டு வழக்காடியவர்கள் மீண்டும் நீதிமன்றப் படியேறினார்கள். இம்முறை மதகைக் கூடுதலாகத் திறப்பதோடு, நீர்த்தேக்கங்களின் மட்டத்தையும் இறக்கக் கேட்டார்கள். மட்டம் குறைந்தால் அதே அளவு நீர் சற்று வேகமாக ஓடும். குஞ்சுக்கும் வழியில் கழியும் நாட்கள் குறையும்.