ஏப்ரல் 1-ல் ஏறும் கூலி யார் தலையில் விழுகிறது?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நகராட்சி அலுவலகத்தில், தூய்மைப் பணியாளர்களின் கூலி நிலுவை தொடர்பான பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தேன். தொழிலாளர் சட்ட ஆலோசகராக, சங்கத்தின் சார்பில் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. எதிரே இருந்த அதிகாரி கோப்பை மூடி வைத்துவிட்டு, "அரசாணைப்படி கொடுத்தா நகராட்சி தாங்காதுங்க" என்றார். வேண்டுமென்றே மறுக்கிற மனிதர் அல்ல அவர். தாங்காது என்று உண்மையாகவே நம்பினார்.

டெண்டர் மதிப்பீட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் போட்டிருந்த தினக்கூலி இரண்டு வருடம் பழையது. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் என்பது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்தது. சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்து, ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் அகவிலைப்படி மாறும். இதற்குப் புதிய அரசாணை தேவையில்லை, யாரும் போராட வேண்டியதும் இல்லை. ஆனால் ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு ஒரே விலையில் போடப்பட்டிருந்தது. இரண்டு ஏப்ரல் கடந்துபோயிருக்க, மதிப்பீடு நின்ற இடத்திலேயே நின்றது.

அந்த மதிப்பீட்டுக்கும் கீழே விலை கேட்டவருக்குத்தான் ஒப்பந்தம் கிடைத்திருந்தது. தெருக்கூட்டும் வேலையில் செலவின் பெரும்பகுதி ஆள்கூலி. கூலியே போதாத மதிப்பீட்டுக்கும் கீழே ஒருவர் எப்படி வேலையை முடிப்பார்? சம்பளச் சீட்டுகளில் பதில் இருந்தது. 26 நாள் வேலை செய்தவருக்குப் பி.எஃப். கணக்கில் 20 நாள். நிர்வாகம் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பங்கும் தொழிலாளியின் கூலியில் பிடிக்கப்பட்டிருந்தது. இரண்டு சட்டங்களுமே இதைத் தெளிவாகத் தடுக்கின்றன. சீட்டைக் கையில் வைத்திருந்த அம்மா ஒருவர், "ரெண்டு தடவை பிடிக்கிறாங்கன்னு தெரியும் சார், யாருகிட்ட கேக்குறதுன்னுதான் தெரியல" என்றார்.

கூலி உயர்ந்தால் அரசுக்கு ஆகும் செலவு என்று பேசும்போது இரண்டு தொகைகளைச் சேர்த்துக் குழப்புகிறோம். ஏற்கெனவே சட்டப்படி கொடுத்திருக்க வேண்டியது ஒன்று. இனிமேல் கூடுதலாக ஆகப்போவது இன்னொன்று. முதலாவது கடன். அதைப் புதுச் செலவு என்று காட்டி, தாங்காது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

புதுச் செலவையும் கணக்குப் போட்டே பார்ப்போம். 300 தொழிலாளர்கள், நாளுக்கு 500 ரூபாய் கூலி 550 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 26 நாளுக்கு ஆளுக்கு 1,300 ரூபாய் கூடும். 300 பேருக்கு 3,90,000. இதன் மேல் பி.எஃப். வகையில் நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம்; அதாவது 63,375. ஆக மாதம் 4,53,375 ரூபாய், வருடத்துக்குச் சுமார் 54 லட்சம். ஒரு சிறிய நகராட்சிக்கு இது லேசான தொகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். சொந்த வருவாயில் முடியாவிட்டால் மாநில அரசின் மானியத்தில் இதற்கு வழி வேண்டும். கூலியை நிர்ணயிப்பதும் மாநில அரசுதான், உள்ளாட்சிக்கு நிதி ஒதுக்குவதும் மாநில அரசுதான். ஒரு துறை கூலியை உயர்த்தி ஆணை போட, இன்னொரு துறை பழைய ஒதுக்கீட்டையே நீட்டினால், இடைவெளி தொழிலாளியின் சம்பளத்தில்தான் போய் விழும்.

சேவைக் கட்டணத்தையும் கவனிக்க வேண்டும். ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குக் கூலியின் மேல் சதவீதக் கணக்கில் கட்டணம் என்றால், கூலி ஏறும்போதெல்லாம் அவர் பங்கும் ஏறும். வேலை ஒன்றும் கூடுவதில்லை. ஆளுக்கு இவ்வளவு ரூபாய் என்று நிலையான தொகையாக வைத்தால் இந்த ஏற்றம் இருக்காது. இன்னொன்று, வரிவிலக்கு பொருந்தாத அலுவலகங்களில் காவலாளி, துப்புரவு வேலைக்கு ஆள் அனுப்பும் பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும். அதில் 9 மாநிலத்தின் கருவூலத்துக்கே திரும்பும். செலவு மதிப்பீட்டில் இந்த வரவை எழுதிய ஒரு கோப்பையும் நான் பார்த்ததில்லை.

"நிதி இல்லை" என்பது சட்டத்தின் முன் நிற்காது. ராஜஸ்தானில் பஞ்ச நிவாரணப் பணியாகச் சாலை போட்டவர்களுக்கு மாநில அரசு குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்தது. அதற்கு வழிவிட்டு ஒரு விலக்குச் சட்டமே வைத்திருந்தது. சஞ்சித் ராய் வழக்கில் 1983-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று ஆசியப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் முந்தைய ஆண்டே சொல்லியிருந்தது. ஒப்பந்ததாரர் கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே, அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவரே, கொடுக்க வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொன்னது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்புகளிலும் இந்தப் பொறுப்பு இருக்கிறது. பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் குறைகூலி கேட்டு மனுப்போட ஆறு மாதம்தான். ஊதியச் சட்டத் தொகுப்பில் அது மூன்று வருடம். இழப்பீடு பத்து மடங்கு வரை போகலாம். இன்று மிச்சம் பிடித்ததாக நினைக்கும் நகராட்சி, நாளை வட்டியும் முதலுமாகக் கொடுக்கும் நிலை வரும்.

2025 ஆகஸ்ட்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்களே, தனியாரிடம் போனால் சம்பளம் குறையும் என்பது அவர்களின் முக்கியமான குறைகளில் ஒன்று. வேலை அதே தெருவில் அதே துடைப்பத்தோடுதான். மேலே கையெழுத்துப் போடுகிறவர் மாறும்போது கூலி ஏன் குறைய வேண்டும் என்பதற்கு எந்த மதிப்பீட்டிலும் எனக்கு விடை கிடைத்ததில்லை.

கணக்கிலேயே வராதவர்களும் இருக்கிறார்கள். அங்கன்வாடி ஊழியர், உதவியாளர், ஆஷா என்ற கிராமச் சுகாதாரப் பணியாளர் வாங்குவதற்குப் பெயர் மதிப்பூதியம் அல்லது ஊக்கத்தொகை. பெயர் மாறியதாலேயே குறைந்தபட்ச ஊதிய உயர்வு அவர்களைத் தொடுவதில்லை. அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணிக்கொடை பெறும் அளவுக்கு அது வேலை என்றால், மாதாமாதம் கொடுப்பது மட்டும் எப்படி ஊதியம் ஆகாமல் போகும்?

அந்த நகராட்சியில் மூன்று கூட்டத்துக்குப் பிறகு, அடுத்த டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்த்தார்கள். ஏப்ரல் 1-ல் அகவிலைப்படி மாறினால் வித்தியாசத் தொகையையும் அதற்கான பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கையும் நகராட்சி தனியாகக் கொடுக்கும். வங்கியில் கூலி வரவான பட்டியலைக் காட்டிய பிறகே ஒப்பந்ததாரரின் அடுத்த பில் பாஸாகும். உங்கள் ஊர் டெண்டரிலும் இந்த வரி இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள். மதிப்பீட்டு நகலையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தத் தொழிலாளர்களின் பழைய நிலுவையில் பாதிக்குமேல் வந்துவிட்டது. மீதிக்கு மனு நிலுவையில் இருக்கிறது.