வெளுக்கப் போட்டது கருத்துப்போன கதை

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது அந்தப் பெண்ணை அவள் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். வலது கன்னத்தில் தொடங்கி தாடை வழியாகக் கழுத்துவரை நான்கு பழுப்புக் கோடுகள், சாயத்தை மேலே ஊற்றிக் கீழே வழியவிட்ட மாதிரி. "பூரான் ஊர்ந்த தடம்னு பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னாங்க டாக்டர், வேப்பிலை அரைச்சுப் பூசிப் பார்த்தாச்சுங்க" என்றார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். முகத்துக்கு எலுமிச்சம்பழம் போட்டீங்களா?

போட்டிருந்தாள். தயிர், கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், அரை மூடி எலுமிச்சைச் சாறு. பிழிந்த மூடியை வீணாக்குவானேன் என்று அதையும் கன்னத்தில் நன்றாகத் தேய்த்திருக்கிறாள். அப்புறம் அவசர அவசரமாகக் கழுவிவிட்டு, சித்தி வீட்டுக்குப் பத்திரிகை வைக்க மே மாத வெயிலில் காலை 11 மணிக்கு ஸ்கூட்டரில் போயிருக்கிறாள். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் லேசாக எரிந்தது, மூன்றாம் நாள் கோடு விழுந்துவிட்டது.

இது பூரானும் இல்லை, அலர்ஜியும் இல்லை. எலுமிச்சையில், சாற்றைவிடத் தோலில் அதிகமாக, ஃப்யூரோகூமரின் என்ற வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவை தோலில் பட்டு அதன்மேல் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் பட்டால், சாறு எங்கெல்லாம் வழிந்ததோ அந்த வடிவத்திலேயே தோல் வெந்துபோகும். நாம் எலுமிச்சை என்று சொல்கிற சின்னப் பழம் வெள்ளைக்காரர்களின் லெமன்கூட இல்லை, லைம். இந்த வேலையில் லைம் இன்னும் பொல்லாதது. எரிச்சல் ஒரு நாள் தள்ளி வருவதால் யாருக்கும் எலுமிச்சைமேல் சந்தேகமே வராது, பழி பூரான்மேல் விழுந்துவிடும்.

இதே குடும்ப வேதிப்பொருள் இன்னொரு இடத்திலும் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்குச் சாமான் வாங்கியவர்களுக்குக் கார்போகரிசி தெரிந்திருக்கும். சோரலன் என்ற மருந்துக்குப் பெயர் வந்ததே அந்தச் செடியின் தாவரவியல் பெயரிலிருந்துதான். வெண்புள்ளி உள்ளவர்களுக்குச் சோரலனைக் கொடுத்து, அளந்த நேரம் வெயிலிலோ கருவியின் ஒளியிலோ நிற்கவைத்து, தோலில் நிறம் வரவழைக்கிறோம். நிறம் வரவைக்க நாங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பயன்படுத்துகிற பொருள், நிறம் குறையட்டும் என்று அரைக்கிற பொடிக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. தேய்த்து உடனே கழுவிவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. முகத்தில் காயவிட்டு மொட்டைமாடியில் வடகம் காயப்போடப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

நம் தோலுக்கு ஒரு குணம் உண்டு. வெள்ளைத்தோல்காரர்களுக்கு எரிச்சல் வந்தால் சிவந்து, பத்து நாளில் மறைந்துவிடும். நமக்கு அது கருப்பாகத் தங்கிவிடும். உரசினாலும் கருக்கும், புளிப்பு பட்டு எரிந்தாலும் கருக்கும், பருவைக் கிள்ளினாலும் கருக்கும். மேல்தோலோடு நின்ற கருமை சில மாதங்களில் போகும், அடித்தோலுக்கு இறங்கிவிட்டால் வருடக்கணக்கில் இழுக்கும். என்னிடம் முகக் கருமை என்று வருகிறவர்களில் பலருக்கு முதலில் இருந்தது ஒரு சின்ன பரு, அல்லது லேசான மங்கு. மீதியெல்லாம் அதற்குப் போட்ட வைத்தியத்தால் வந்தது. டூத்பேஸ்ட், சமையல் சோடா, ஜாதிக்காயை உரசிப் போட்டது, காபித்தூளும் சர்க்கரையும் கலந்து தேய்த்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கவேண்டியிருக்கும், கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள், இயற்கைப் பொருளை எல்லாம் யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கணக்கு ரொம்ப எளிது. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான புளிப்புத் தன்மை கொண்டது, புளிப்பை அளக்கிற பிஹெச் அளவுகோலில் 5-ஐ ஒட்டி இருக்கும்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி. இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு, ஆக எலுமிச்சை நம் தோலைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு புளிப்பு. சமையல் சோடா நேர் எதிர்ப்பக்கம், 8-க்கு மேல் போய்விடும். எலுமிச்சையும் சோடாவும் கலந்து நுரை பொங்குவதைப் பார்த்து "வேலை செய்யுது" என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அந்த நுரை வெறும் கரியமில வாயு. தயிர் மட்டும்தான் இந்தக் கூட்டத்தில் தோலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும், அதனால் வெறும் தயிரைப் பூசிக் கழுவிக்கொள்கிறேன் என்றால் நான் தடுப்பதில்லை.

"எங்க அமிச்சி காலத்துல இருந்து பண்றதுங்க" என்று உடனே சொல்வார்கள். எனக்கும் அமிச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, இருந்தார். அவர் பச்சைப்பயறு மாவைக் குளிக்கும்போது தேய்த்து அந்தக் கையோடு கழுவினார், தலைக்கு வடித்த கஞ்சியில் அரப்போ சீயக்காயோ கரைத்தார். அரை மணி நேரம் முகத்தில் காயவிட்டு உரித்ததில்லை, வாரம் மூன்று முறை எலுமிச்சை தேய்த்ததில்லை, சமையல் சோடாவைப் பணியாரத்துக்குக்கூட யோசித்துத்தான் போட்டார். பாட்டி வைத்தியம் என்ற பெயரில் இப்போது வருவதில் பாதி, பாட்டி கண்ணாலும் பார்க்காதது.

இனி கழுத்து. இதை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பதினான்கு வயதுப் பெண், உடல் கொஞ்சம் பூசினாற்போல, பின்கழுத்தில் கருப்பாக வெல்வெட் துணி மாதிரி தடிப்பு, அக்குளிலும் அதே. அம்மா அதை அழுக்கு என்று முடிவுசெய்து, எலுமிச்சை மூடியில் சர்க்கரை தொட்டு, அது போதாதென்று பீர்க்கங்காய் நாரால், தினமும் குளிக்கும்போது தேய்த்துவிடுகிறார். பிள்ளை அழுகிறாள். பள்ளியில் வேறு, குளிக்கிறாயா இல்லையா என்று கேலி. அது அழுக்கே இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் அதன் அளவு ரத்தத்தில் ஏறும்போது தோல் செல்கள் தூண்டப்பட்டுத் தடித்துப்போகிற நிலை, அகந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். உரச உரச இன்னும் தடிக்கும். இந்தப் பிள்ளைக்குத் தேவை சர்க்கரைப் பரிசோதனை, எடை, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்ற விசாரிப்பு. எடை கொஞ்சம் குறைந்து நடமாட்டம் கூடினால் கழுத்து தானாக வெளுக்கத் தொடங்கும், மெதுவாகத்தான், ஆனால் வெளுக்கும். சர்க்கரை நோய் வருவதற்குப் பல வருடம் முன்பே உடம்பு கழுத்தில் எழுதிக் காட்டுகிறது, நாம் அதைத் தேய்த்து அழிக்கப் பார்க்கிறோம்.

முடி விஷயத்தில் நடப்பது வேறு மாதிரி, அங்கே சேதத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம். டெங்குவோ டைபாய்டோ வந்து, அல்லது பிரசவம் முடிந்து, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக முடி கொட்டும். காய்ச்சலின்போதே நிறைய முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடுகின்றன, ஓய்வு முடிந்து விழுவதற்கு அவ்வளவு நாள் ஆகிறது. விழுவதற்கும் காய்ச்சலுக்கும் நடுவே மூன்று மாதம் ஓடிவிட்டதால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை, தண்ணீர் மாறிவிட்டது, ஷாம்பு மாறிவிட்டது என்பார்கள். பொதுவாக ஆறு மாதத்துக்குள் தானாகவே நின்றுவிடும். இந்த ஆறு மாதத்தில் முடி கொட்டுகிற அம்மா முதலில் கரிசலாங்கண்ணி எண்ணெய் போட்டிருப்பார், நிற்கவில்லை, அப்புறம் செம்பருத்தி, அதிலும் நிற்கவில்லை, மூன்றாவதாக யாரோ வீட்டில் காய்ச்சி விற்கிற எண்ணெயை வாங்கிப் போடும் மாதத்தில் கொட்டுவது நின்றிருக்கும். கடைசியாகப் போட்ட எண்ணெய்க்குத்தான் பேர். அவர் பத்துப் பேரிடம் சொல்வார், பொய்யும் சொல்லமாட்டார், கண்ணால் பார்த்ததைத்தான் சொல்வார். ஆறு மாதம் தாண்டியும் கொட்டினால் எண்ணெயை மாற்றவேண்டாம், ரத்தத்தில் இரும்புச் சத்தின் கையிருப்பையும் தைராய்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காக எண்ணெய்க்கு நான் எதிரி இல்லை. தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, அதனால் முடித்தண்டுக்குள் புகும். 2003-இல் இந்திய ஆய்வாளர்கள் தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் முடியிலிருந்து புரதம் இழப்பதைத் தேங்காய் எண்ணெய்தான் குறைத்தது. ஆகவே குளிப்பதற்கு முன் தடவுங்கள், முடி உடைவது குறையும். ஆனால் எண்ணெய் காப்பது ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட முடியை. வேரிலிருந்து புது முடியை அது இழுத்துக் கொண்டுவராது, மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் என்ற வளர்ச்சி வேகத்தையும் மாற்றாது. பொடுகு உள்ளவர்கள் மட்டும் ராத்திரி முழுக்க ஊறவைக்காதீர்கள், பொடுகுக்குக் காரணமான மலசீசியா பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு.

புழுவெட்டுக்கு வருகிறேன். தாடியில் எட்டணா அளவு முடி போயிருந்தது என்று ஓர் இளைஞர் பூண்டும் மிளகும் அரைத்துக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார். காலையில் கொப்புளம். பச்சைப் பூண்டு தோலைச் சுட்டுவிடும், பார்ப்பதற்குத் தீப்புண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அவருக்கு அந்த இடம் ஆறித் தழும்பாகிவிட்டது, தழும்பில் முடி முளைப்பது கஷ்டம். விட்டிருந்தால் தானாகவே முளைத்திருக்கக்கூடியது, ஏனென்றால் புழுவெட்டில் புழுவும் இல்லை வெட்டும் இல்லை, நம் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதுதான் அது, சின்ன வட்டங்கள் பலருக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும். வெங்காயச் சாறுக்கு ஓர் ஆய்வு உண்டு, மறைக்கமாட்டேன். 2002-இல் பாக்தாதில் 38 பேரை வைத்துச் செய்தார்கள், அதில் வெங்காயச் சாறு பூசியவர்கள் 23 பேர், அவர்களில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி வந்தது. ஆனால் அது புழுவெட்டுக்கான சின்ன ஆய்வு. அதைக் காட்டி அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இருந்த அதே வழுக்கைக்கு வெங்காயம் தேய்த்தால் தலையணை உறைதான் நாறும்.

கைக்குழந்தைக்கு நலங்கு மாவு தேய்த்துப் பூனைமுடியை எடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடச் சொல்கிறேன். அந்த முடி தானாக உதிரும். குழந்தையின் தோல் மெல்லியது, கரகரப்பான மாவு அதைக் கீறும், கீறிய தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால் உடம்பு அதை எதிரியாகப் பதிவுசெய்துவிட வாய்ப்புண்டு. இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பைத் தினமும் பயன்படுத்திய 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை உணவே ஒத்துக்கொள்ளாமல் போனது, சிலருக்கு உயிர்போகும் அளவுக்கு. குழந்தைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் குளிப்பாட்டுங்கள், அது போதும்.

'வீட்டில் தயாரித்தது' என்று எழுதிய, யார் செய்தது எதைப் போட்டது என்று ஒன்றும் இல்லாத டப்பா க்ரீம்களைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும், இங்கே ஒன்று மட்டும். ஒரே வாரத்தில் முகம் வெளுத்தால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கலாம். கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் போய்க் கால் வீங்கி வந்தவர்களை விசாரித்தபோது பலர் பாதரசம் கலந்த வெளுக்கும் க்ரீம் போட்டிருந்தது தெரியவந்தது. முகத்தில் போட்டது சிறுநீரகத்தில் தெரிந்திருக்கிறது.

சரி, எதையாவது போட்டே ஆகவேண்டும் என்கிறவர்களுக்கு: கற்றாழையை வெட்டியதும் பூசாதீர்கள், மஞ்சள் பால் வடியும்வரை நிமிர்த்தி வையுங்கள், அதுதான் அரிக்கும். உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடுங்கள். எந்தப் புதுப் பொருளையும் முழங்கையின் உள்பக்கம் காசு அளவு இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள். விசேஷத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது எதையும் புதிதாகத் தொடங்காதீர்கள். மருதாணி கருப்பாகவும் உடனேயும் பிடித்தால் அது இலையின் வேலை இல்லை, முடிச்சாயத்தில் போடுகிற ரசாயனம்.

அந்தப் பெண்ணுக்கு எரிச்சல் தணிய நாலைந்து நாளைக்கு ஒரு களிம்பும், வெளியே போகும்போது சன்ஸ்கிரீனும் எழுதிக் கொடுத்தேன். கோடுகளை மேக்கப் போட்டவர் மறைத்துவிட்டார், ஆல்பத்தில் தெரியாது. முழுசாக மறைய ஐந்து மாதம் ஆனது.

ஒரு வேண்டுகோள். தோல் டாக்டரைப் பார்க்க வரும்போது போட்ட பொடி, எண்ணெய், க்ரீம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள், வெட்கப்படாதீர்கள், நாங்கள் திட்டமாட்டோம், கொஞ்சம்தான் திட்டுவோம். முகத்தைக் கழுவிவிட்டு வாருங்கள். போன வாரம் ஒருவர் கருமைக்குக் காட்ட வந்தவர், முல்தானி மிட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தார்.