கேப் விட்டு மாத்திரை போட்டா கேன்சர் மருந்து மோதாதுன்னு யாரு சொன்னா?

போன வாரமும் ஒரு ஆச்சி, கானாடுகாத்தான் பக்கம். பல்லு வெளக்குனா ரத்தம் வருது, வைட்டமின் எதாவது குடுப்பான்னு காரைக்குடி வரைக்கும் மஞ்சப்பையோட நம்ம மருந்துக்கடைக்கு வந்தாக. கைய நீட்டுனப்ப பாத்தா முழங்கை வரைக்கும் நாவப்பழம் நசுங்குன மாதிரி கருநீலத் திட்டு. பையக் கொட்டிப் பாத்தேன். இதய வால்வு ஆபரேஷனுக்கு அப்புறம் ரத்தம் கட்டாம இருக்க மதுரை டாக்டர் குடுத்த வார்ஃபரின், குடல் கேன்சருக்கு மூணு வாரமா சென்னை டாக்டர் குடுக்குற கேப்சைடபின், போதாக்குறைக்கு மூட்டு வலிக்கு யாரோ வாங்கிக் குடுத்த டைக்ளோஃபெனாக். அப்படியே ஆஸ்பத்திரிக்கு அனுப்புனேன். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர்ங்கிற அளவு, மூணு, மூணரைக்குள்ள இருக்க வேண்டியது எட்டத் தாண்டியிருச்சு. நல்லவேளை, தலைக்குள்ள ரத்தம் கசியல.

கேட்டா மருமக சொல்லுது, "காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு கேப் விட்டுத்தானண்ணே குடுத்தோம்." இதக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு. வயித்துக்குள்ள ரெண்டு மாத்திரையும் நேருக்கு நேரா பாத்து சண்டை போடல தாயி, வார்ஃபரினக் கழிச்சு வெளியேத்துறது கல்லீரல், அந்த வேலையத்தான் கேப்சைடபின் கெடுக்குது, ஒரு நாள் போட்ட வார்ஃபரின் நாள் கணக்குல ஒடம்புல நிக்கும், அப்புறம் பன்னெண்டு மணி நேரம் கேப் விட்டு என்ன ஆகப்போகுது? கேப்சைடபின் ஆரம்பிச்ச சில நாள்லயும் ரத்தக்கசிவு வரலாம், சில மாசம் கழிச்சும் வரலாம், நிறுத்துன ஒரு மாசத்துக்குள்ளகூட வந்திருக்கு. கேப் விட்டா சரியாகுற மருந்தும் இருக்கு, இல்லேங்கல. அது எதுன்னு வீட்ல உக்காந்து முடிவு பண்ணாதீங்க. நுரையீரல் கேன்சருக்கு எர்லோடினிப் சாப்புடுறவுக கேஸ் மாத்திரைன்னு பான்டாபிரசோல் போட்டா, கேப் விட்டாலும் வயித்துல அமிலம் நாள் முழுக்க கொறஞ்சே கெடக்கும், கேன்சர் மருந்து ஒழுங்கா ஒடம்புல சேராது.

ஜப்பான்ல 1993ல அக்கிக்கு சொரிவுடின்னு ஒரு மருந்து வந்துச்சு. ஃப்ளூரோயுராசில்ங்கிற கேன்சர் மருந்து எடுத்துக்கிட்டிருந்தவுகளுக்கு அதையும் சேத்துக் குடுத்ததுல பத்துப் பேருக்கு மேல செத்துப்போனாக. கேப்சைடபின் ஒடம்புக்குள்ள போயி மாறுறதே அந்த ஃப்ளூரோயுராசிலாத்தான்.

அதனால எந்த டாக்டர்ட்ட போனாலும் மொத்தப் பையையும் தூக்கிட்டுப் போங்க. நாட்டு மருந்து, லேகியம், வலி மாத்திரை எல்லாத்தையும் சேத்துத்தான். ஸ்ட்ரிப்ப கத்தரிச்சு பேரில்லாத துண்டா வைக்காதீங்க, அதப் பாத்து எங்களால ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. வார்ஃபரினோட கேப்சைடபின் போடுறவுக டாக்டர் சொல்ற தேதிக்கெல்லாம் ஐஎன்ஆர் பாத்துருங்க, அறுவடை, கல்யாணம்னு தள்ளிப்போடாதீங்க. கருப்பா வெளிக்கி போனா, திடீர்னு தலை வலிச்சா விடியட்டும்னு இருக்காம அப்பவே கெளம்புங்க.

இன்னொண்ணு, கும்பிட்டுக் கேக்குறேன். இதப் படிச்சுட்டு பயந்துபோயி எந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்திறாதீங்க. வார்ஃபரின நிறுத்துனா வால்வுல ரத்தம் கட்டிரும்.