விண்டோஸ் இல்லாமல் ஓடும் விண்டோஸ் நிரல்

விண்டோஸுக்காக எழுதிய ஒரு எக்ஸி கோப்பை, அதாவது ஒரு நிரலை, எடுத்து லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் உள்ள கணினியில் அப்படியே இயக்கினால் ஓடாது. இத்தனைக்கும் இரண்டும் இயங்குவது பெரும்பாலும் அதே இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்பில்தான். கூட்டு, கழி, இந்த எண்ணை அங்கே நகர்த்து என்று கோப்புக்குள் இருக்கும் கட்டளைகள் சிப்புக்கு நேரடியாகவே புரியும். பிறகு எங்கே இடிக்கிறது?

முதல் தடங்கல் சின்னது. எக்ஸி கோப்பின் முதல் இரண்டு பைட்டுகள் எம், இசட் என்ற எழுத்துகள். விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் காலத்தில் மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரெழுத்துகள் அவை. இன்றைக்கு எழுதப்படும் விண்டோஸ் நிரலும் அவர் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. லினக்ஸ் நிரல்களின் வடிவம் வேறு, அவற்றின் தொடக்கத்தில் ஈ, எல், எஃப் என்று இருக்கும். எம் இசட் கோப்பைப் பிரித்து நினைவகத்தில் உரிய இடங்களில் அடுக்கத் தெரிந்த ஒரு நிரலை எழுதிவிட்டால் இந்தப் பிரச்சினை முடிந்தது.

அடுத்த தடங்கலுக்குத்தான் முப்பது வருடத்துக்கும் மேலாக ஆட்கள் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோப்பைத் திறப்பது, திரையில் ஒரு ஜன்னல் காட்டுவது, மணி என்ன என்று பார்ப்பது என எதையும் ஒரு நிரல் தானாகச் செய்துகொள்வதில்லை, இயங்குதளத்திடம் கேட்டு வாங்குகிறது. அப்படிக் கேட்க வேண்டியவற்றின் பட்டியல் எக்ஸி கோப்புக்குள்ளேயே இருக்கிறது: கெர்னல்32 என்ற டிஎல்எல்லிலிருந்து (ஃபங்ஷன்கள், அதாவது ஒரு வேலையைச் செய்து தரும் நிரல்துண்டுகள், அடங்கிய தொகுப்பு) கோப்பு திறக்கும் ஃபங்ஷன், யூசர்32-லிருந்து ஜன்னல் உருவாக்கும் ஃபங்ஷன், இப்படி. கல்யாணச் சமையல்காரர் எழுதித் தரும் மளிகைச் சீட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் உள்ள பெயருக்குச் சரக்கு வந்து இறங்கினால் போதும். எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று அவர் கேட்கப்போவதில்லை.

லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்ட உதவும் வைன் என்ற மென்பொருள்தான் விண்டோஸுக்குப் பதிலாகச் சரக்கு தரும் இன்னொரு கடை. பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் இருவரும் 1993-இல் தொடங்கினார்கள். 1994 முதல் அலெக்சாண்டர் ஜூலியார் நடத்திவருகிறார். 1.0 பதிப்பு வெளிவந்தது 2008 ஜூனில். பதினைந்து வருடம்! ‘வைன் ஒரு எமுலேட்டர் அல்ல’ என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளே பெயர். எமுலேட்டர் என்றால் வேறொரு சிப்பைப் போலவே நடிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் அதில் செலவு உண்டு. மெய்நிகர் கணினி, அதாவது கணினிக்குள் மென்பொருளால் ஆன இன்னொரு கணினி என்றால் உள்ளே முழு விண்டோஸையும் நிறுவ வேண்டும். வைனில் இரண்டும் கிடையாது. கட்டளைகள் சிப்பில் நேராக ஓடுகின்றன. நிரல் விண்டோஸைக் கூப்பிடும்போது மட்டும் வைன் எழுதிய ஃபங்ஷன் பதில் சொல்கிறது.

பதில் சொல்வது கேட்க எளிதாகத்தான் இருக்கும். சி டிரைவில் ‘அம்மா’ என்ற கோப்பைத் திற என்று நிரல் கேட்கிறது. லினக்ஸில் சி டிரைவே கிடையாது. உங்கள் கோப்புறைக்குள் வைன் ஏற்கெனவே ஒன்றை உருவாக்கி, அதையே சி டிரைவ் என்று சொல்லிவைத்திருக்கிறது. அடுத்து பெயர். விண்டோஸ் எழுத்துகளை யூடிஎஃப்-16 முறையில் தருகிறது, அதில் ‘அம்மா’வுக்கு 10 பைட்டு. லினக்ஸில் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் அதே சொல் 15 பைட்டு. மாற்றித் தர வேண்டும். ஆங்கிலப் பெயர் என்றால் வேறு தலைவலி: பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் பொருட்படுத்தாது, லினக்ஸ் விடாது. கேட்ட பெயரில் கோப்பு இல்லையென்றால் கோப்புறை முழுவதையும் புரட்டி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஃபங்ஷனிடம் மதிப்புகளைக் கொடுக்கும் வழிகூட இரண்டிலும் ஒன்றல்ல. 64-பிட் விண்டோஸில் முதல் நான்கு மதிப்புகள் சிப்பின் ரெஜிஸ்டர்களில், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடங்களில், போகும். லினக்ஸில் ஆறு, அதுவும் வேறு வரிசையில்.

ஒரு கோப்பு திறக்கவே இத்தனை. இப்படி ஆயிரக்கணக்கான ஃபங்ஷன்கள். இவ்வளவையும் விண்டோஸின் மூலநிரலைப் பார்க்காமல் எழுத வேண்டும், பார்த்தால் காப்புரிமைச் சிக்கல். பொது ஆவணங்களைப் படித்தும், இப்படிக் கேட்டால் விண்டோஸ் என்ன சொல்கிறது என்று சோதித்துப் பார்த்தும் எழுதுகிறார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஆவணம் ஒன்று சொல்லி விண்டோஸ் வேறு மாதிரி நடந்தால், வைன் விண்டோஸின் பக்கம்தான் நிற்கும். விண்டோஸில் பிழை இருந்தால் அந்தப் பிழையையும் உழைத்து நகலெடுக்க வேண்டும், ஏனென்றால் யாரோ ஒருவரின் நிரல் அதை நம்பியிருக்கும்.

இன்னும் எழுதி முடிக்காத ஃபங்ஷன்களும் உண்டு. கூப்பிட்டால் ‘ஃபிக்ஸ்மீ’ (என்னைச் சரிசெய்) என்று டெர்மினல் எனும் கட்டளைத் திரையில் ஒரு வரி புலம்பிவிட்டு, ஒப்புக்கு ஒரு பதிலைத் தரும். முதன்முதலில் பார்ப்பவருக்கு அந்த வரிகள் குவிவதைக் கண்டாலே பயமாக இருக்கும். பெரும்பாலும் நிரல் அந்த ஒப்புப் பதிலிலேயே திருப்தியடைந்து போய்க்கொண்டிருக்கும்.

வைனைப் பரவலாக்கியது அலுவலக நிரல்கள் என்று நினைத்தால் தவறு. விளையாட்டுகள்தான். விண்டோஸ் விளையாட்டுகள் படம் வரைய டைரக்ட்3டி என்ற விண்டோஸ் வரைகலை முறையைக் கேட்கும். அந்தக் கோரிக்கைகளை வல்கன் என்ற வேறொரு வரைகலை முறைக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற மென்பொருளை ஃபிலிப் ரெபோலே எழுதினார். வைனையும் இதையும் சேர்த்து வால்வ் என்ற விளையாட்டு நிறுவனம் 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்று வெளியிட்டது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் கைக்கருவி லினக்ஸில் ஓடிக்கொண்டே விண்டோஸ் விளையாட்டுகளை ஆடுகிறது. சில விளையாட்டுகள் டிஎல்எல்களைத் தாண்டி, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலையே நேரடியாகக் கூப்பிடும். சீட்டில் எழுதாமல் சமையல்காரரே சந்தைக்குப் போனால் கடைக்காரர் என்ன செய்வார்? அதற்காக லினக்ஸ் கெர்னலிலேயே ஒரு வசதி சேர்த்தார்கள், 2021-இல் வந்த 5.11 பதிப்பில். அப்படிப்பட்ட அழைப்பை வழிமறித்து வைனிடம் திருப்பிவிடும். விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்து ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் காவல் நிரல்களிடம் மட்டும் வைனின் வேலை நடப்பதில்லை. அவற்றுக்கு உட்கார விண்டோஸ் கெர்னல் வேண்டும், இங்கே அது இல்லை.

மைக்ரோசாஃப்டும் இதையே தலைகீழாகச் செய்து பார்த்தது. 2016-இல் விண்டோஸுக்குள் லினக்ஸ் நிரல்களை ஓட்ட, லினக்ஸ் அழைப்புகளை விண்டோஸ் கெர்னலுக்கு மொழிபெயர்த்தது. 2019-இல் அறிவித்த இரண்டாம் பதிப்பில் அந்த வழியை விட்டுவிட்டு, மெய்நிகர் கணினிக்குள் உண்மையான லினக்ஸ் கெர்னலையே கொண்டுவந்து வைத்துவிட்டது.

அப்புறம் ஒரு வேடிக்கை. விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் நிரல்கள் 64-பிட் விண்டோஸில் ஓடாது. விண்டோஸ் 11 வருவதே 64-பிட்டாக மட்டும்தான். அந்தப் பழைய நிரல்களில் பல, 64-பிட் லினக்ஸில் வைன் வழியாக இன்னும் ஓடுகின்றன.